கூடலூரில் யார் ஜாமீன் நிற்பார்?

(நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நீதிமன்றங்கள் போடும் ஜாமீன் உத்தரவு ஒன்றைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். ஜாமீன்தாரர் போட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் அல்லது பாஸ்புக் நகல் கொடுக்க வேண்டும். அப்புறம், மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பத்தாயிரத்தை யாரும் இப்போதே கட்டச் சொல்லவில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் கட்டுகிறேன் என்று எழுதித் தந்தால் போதும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கட்டுவதற்கு வசதி இருக்கிறதா என்று அடுத்து ஒரு கேள்வி வரும். வீட்டு வரி ரசீது எங்கே? பட்டா எங்கே?

கூடலூரில் வந்து பட்டா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது! நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரை நிலமாக இருந்த பகுதி இது. அந்த ஜன்ம உரிமையை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் அரசிடம் நேராகப் பட்டா பெறும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969-இல் சட்டம் வந்தது. தோட்டக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1972-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாது என்றது. 1974-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, சட்டத்தை, கோர்ட் கேள்வி கேட்காதபடி காப்பதற்கென்று இருக்கும் ஒன்பதாம் அட்டவணையில் கொண்டுபோய் வைத்தார்கள். அதுவும் கோர்ட்டுக்குப் போய், 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரியில் கொயலோ வழக்கு என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்களே, அது நம் ஊர் நிலத்தில் முளைத்த வழக்குதான். தீர்ப்பு புகழ்பெற்றுவிட்டது. 'செக்‌ஷன் பதினேழு' நிலத்தில், அதாவது யாருக்கு உரிமை என்று முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில், வீடு கட்டிக் குடியிருப்பவர் இன்னும் பட்டாவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

சரி, தோட்டத் தொழிலாளிக்கு வருவோம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. தொழிலாளி குடியிருக்கும் லைன் வீடு நிர்வாகத்தின் வீடு. மூன்று தலைமுறை அதில் வாழ்ந்தாலும் வரி ரசீது தொழிலாளி பெயரில் இருக்காது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காட்டையே வீடாகக் கொண்டிருந்தவர்களிடம் சொத்து மதிப்புச் சான்று கேட்கிறோம். காகிதத்தைக் கொடுக்காத அரசே அந்தக் காகிதம் இல்லை என்பதற்காக ஆளை உள்ளே வைக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

அமெரிக்காவில் இதே நோய்க்கு வேறு உருவம். அங்கே ரொக்கம் கட்ட வேண்டும், இல்லையென்றால் கமிஷன் வாங்கிக்கொண்டு கட்டும் தரகுக் கம்பெனிக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் கலீஃப் பிரவுடர் என்ற பதினாறு வயதுப் பையனை, ஒரு பையைத் திருடினான் என்று 2010-இல் பிடித்தார்கள். ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று ஆண்டுகள், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. கடைசியில் விசாரணையே நடக்காமல் வழக்கைக் கைவிட்டார்கள். வெளியே வந்தவன் 2015-இல் தற்கொலை செய்துகொண்டான். 2023 செப்டம்பரில் இல்லினாய் மாநிலம் ரொக்க ஜாமீனை முழுதாக ஒழித்தது, அந்த நாட்டில் அதுதான் முதல் மாநிலம். ஆபத்தான ஆள் என்று அரசுத் தரப்பு கருதினால் மனுப் போட்டு, விசாரணை நடத்தி, நீதிபதி காரணம் எழுதி உள்ளே வைக்கலாம். பணம் இல்லை என்பதற்காக வைக்க முடியாது.

நம் நாட்டில் 2022 முடிவில் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர், அதாவது நான்கில் மூன்று பேர், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். இவர்கள் எல்லோரும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கொலை வழக்கும் போக்சோ வழக்கும் இதில் உண்டு. ஆனால் கையில் ஜாமீன் உத்தரவு இருந்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். 2022 அரசியல் சாசன நாளில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு உச்ச நீதிமன்ற நீதிபதிகளை வைத்துக்கொண்டே ஏழைக் கைதிகளைப் பற்றிப் பேசினார். அடுத்த இரண்டு மாதத்தில், 2023 ஜனவரி 31-இல், உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. ஜாமீன் உத்தரவின் நகல் மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற வற்புறுத்தலும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளூர் ஜாமீன்தாரர் என்பது நமக்கு எவ்வளவு பொருந்தாத நிபந்தனை என்று யோசியுங்கள். கூடலூர்க்காரருக்கு அண்ணன் சுல்தான் பத்தேரியில் இருப்பார், மாமனார் வீடு குண்டல்பேட்டையில் இருக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணம், ஆனால் மாநிலம் வேறு. இன்று நம் எஸ்டேட்டுகளில் கொழுந்து எடுக்கிற ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளி யாரைக் கூட்டி வருவான்? 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைத்தான் கேட்டார். மாஜிஸ்திரேட் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். ஒரு தமிழனோ மலையாளியோ பஸ்தாரில் பிடிபட்டால் அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவான் என்று கேட்டுவிட்டு, ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஜாமீன்தாரரைத் தேடி அலைகிறார்கள். இந்த அலைச்சல் இருப்பதால்தான் பல ஊர்களில் கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிற தொழிலே நடக்கிறது. பிடிபட்டவனை யாரென்றே தெரியாத ஆள், அவன் ஓடமாட்டான் என்று உறுதி கொடுக்கிறார்!

ஓடிப்போக மாட்டார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1979-இல் பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி அதற்கு வழி சொன்னார். எவ்வளவு காலமாக அந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை, குடும்பம் எங்கே, முன் வழக்கு உண்டா, அவருக்காகப் பேச ஊரில் நம்பகமான ஆள் உண்டா என்று பாருங்கள். வேர் இருக்கிறது என்று தெரிந்தால் சொந்த ஜாமீனில் விடுங்கள் என்றார். அந்த அளவுகோலில் மலைவாசிகளை மிஞ்ச யாரால் முடியும்? பணியர் ஒருவர் முதுமலையையும் பாடந்தொரையையும் விட்டு எங்கே ஓடப் போகிறார்? அவருக்காக ஊர்த் தலைவர் பேசலாம், பள்ளி ஆசிரியர் பேசலாம், தொழிற்சங்கச் செயலாளர் பேசலாம். மனைவியை அடித்தவன், சாட்சியை மிரட்டுகிறவன் விஷயம் வேறு. அங்கே நீதிபதி கடுமையாக இருக்கட்டும், காரணத்தை எழுதட்டும். இன்றைய முறையிலோ அந்த ஆளிடம் பட்டா இருந்தால் மாலையே வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

உள்ளே இருப்பதன் விலையை வெளியே இருப்பவர்கள் உணர்வதில்லை. தற்காலிகத் தொழிலாளிக்கு ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை என்றால் வேலைப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கோவை மத்திய சிறையில் வைத்திருந்தால் ஊட்டி வழியாக மலை இறங்கிப் போய்ப் பார்த்துவர ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி, பஸ் காசு. சின்ன வழக்குகளில் இது தாங்காமல், செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி வருகிறவர்கள் உண்டு. பொய்யாக ஒப்புக்கொண்டால் உடனே வீடு, உண்மையைச் சொன்னால் சிறை! வெளியே வந்தவருக்கும் அந்த 10.30 மணிக் கையெழுத்து இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவருக்கு 10.30 என்றால் அன்றைய வேலை போச்சு. மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குப் புரியவே இல்லை.

சட்டத்தில் கதவுகள் இருக்கின்றன, தட்டத்தான் ஆள் இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவைப் பாருங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் பிடிபட்டவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவரை வறியவர் என்று கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும். 479-ஆம் பிரிவின்படி, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்திருந்தால் பிணைப்பத்திரத்தில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வழக்குகளுக்கும் பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அதற்கு மனுப் போடுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஏழைக் கைதிகளுக்கான மத்தியத் திட்டத்தில் ஜாமீனுக்குப் பணம் தரவும் வழி இருக்கிறது. மாவட்டக் குழுதான் முடிவெடுக்க வேண்டும். போதைப்பொருள், ஊழல் போன்ற வழக்குகளுக்கு இல்லை.

உங்கள் குடியிருப்பில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், தரகரைத் தேடுவதற்கு முன் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். நம் மாவட்டத்துக்காரர்களில் ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாள் கழிந்தும் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மாதாமாதம் வெளியிட வேண்டும், பட்டா இல்லாத இடங்களில் ஊர்ச் சபையின் சான்றைப் பட்டாவுக்குப் பதிலாக ஏற்க வேண்டும் என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். நகல் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், திருத்தம் இருந்தால் பென்சிலால் குறித்துவிட்டுப் போங்கள்.