டெலஸ்கோப்புக்கு எதுக்குங்க குளிர்சாதனம்?

[காட்சி: வெண்ணாற்றங்கரை. ஆடி மாசம், ராத்திரி எட்டரை மணி. ஆத்துல புதுத்தண்ணி நுரைச்சுக்கிட்டு ஓடுது. கீத்துக்கொட்டாய் டீக்கடை. மாஸ்டர் டீ ஆத்துறாரு. பெஞ்சு மேல ஒரு தவளை, காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு. டப்புன்னு கரண்ட் போவுது. திரை முழுக்க இருட்டு. ரெண்டு ஜோடி கண்ணு மட்டும் முழிக்குது.]

குரல்: கரண்ட் போனதும் கடையில வெளிச்சமே இல்லைன்னு நினைக்கிறோம். உண்மையில கடைக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் ஒளி விட்டுக்கிட்டுதான் இருக்கு. பெஞ்சு, பாய்லர், பன்னு ஜாடி, மாஸ்டர் மூக்கு, எல்லாமே. அது அகச்சிவப்பு ஒளி, நம்ம கண்ணுக்கு எட்டாது. வெப்பக் கேமராவைப் போடுவோம்.

[காட்சி: பாய்லர் வெள்ளையா தகதகக்குது. மாஸ்டர் முகம் மஞ்சள், மூக்கு நுனி மட்டும் மங்கல். அவர் ஆத்துற டீ மேல பளிச்சுன்னு கிளம்பி, கீழ் டம்ளருக்கு வர்றதுக்குள்ள ஒரு பொட்டு மங்குது. தவளை இருந்த இடம் காலி.]

தவளை: அண்ணே, நான் எங்கண்ணே?

மாஸ்டர்: பேசுறீல்ல, அங்கதான் இருப்ப.

தவளை: படத்துல இல்லையே! நான்தான் ஹீரோன்னு சொல்லித்தானே கூட்டிக்கிட்டு வந்தாங்க?

குரல்: எந்தப் பொருளும் தன்னோட வெப்பநிலைக்குத் தக்கபடி ஒளி விடும். சூடு ஏற ஏற ஒளி கூடும், அலைநீளம் குறையும். கணக்கு ரொம்ப சுலபம். 2,898-ஐ கெல்வின் வெப்பநிலையால வகுத்தா, ஒளி எந்த அலைநீளத்துல உச்சமா இருக்குன்னு மைக்ரான்ல விடை வந்துரும். கெல்வின்னா நம்ம செல்சியஸ் டிகிரியோட 273-ஐக் கூட்டிக்கிட்டது. ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. சூரியனோட மேற்பரப்பு 5,800 கெல்வினுக்குக் கொஞ்சம் கம்மி, விடை அரை மைக்ரான். நம்ம கண்ணுக்குத் தோதான இடம். மாஸ்டர் உடம்பு 310 கெல்வின், விடை ஒன்பது மைக்ரானுக்கு மேல. கண்ணு அங்க சுத்தமா வேலை செய்யாது.

தவளை குளிர்ரத்தப் பிராணி. பெஞ்சு என்ன சூடோ ஏறக்குறைய அதே சூடுதான் அதுக்கும். தோல் ஈரமா இருக்கிறதால கொஞ்சம் குறைச்சலாகூட இருக்கும். அதனாலதான் பெஞ்சையும் தவளையையும் பிரிச்சுப் பார்க்க முடியல. இதை வச்சுக்கிட்டு நம்ம ஹீரோ பின்னால ஒரு வம்பு பண்ணப் போறாரு.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். இந்த மஞ்சள், வெள்ளை எல்லாம் நாங்க பூசினது. கேமரா கொடுக்கிறது வெறும் எண்கள்தான். வெப்பக் கேமராவுல சூடானதை சிவப்பு, மஞ்சள்னு காட்டறது வழக்கம். விண்வெளிப் படத்துல வழக்கம் அப்படியே தலைகீழ். நீள அலைக்குச் சிவப்பு, குட்டை அலைக்கு நீலம். அதனால அங்க சில்லுன்னு இருக்கிற தூசு சிவப்பாவும், கொதிக்கிற நட்சத்திரம் நீலமாவும் வரும். கார்ட்டூன் போடறவங்களுக்கு இது தீராத தலைவலி. சொல்லாம கலந்தா பிள்ளைங்க குழம்பிப் போயிடும். அதனால இந்த வீடியோவுல வானத்துப் படம் வந்தா ஓரத்துல ஒரு நட்சத்திரம் மினுக்கும். அப்ப சிவப்புன்னா குளிர்ச்சி.

[காட்சி: 1800, இங்கிலாந்து. ஜன்னல்ல ஒரு கண்ணாடிப் பட்டகம். மேசை மேல வானவில் பட்டை. மூணு வெப்பமானி, குமிழ்ல கறுப்பு மை பூசிக்கிட்டு வரிசையா நிக்குது.]

குரல்: இவர் வில்லியம் ஹெர்ஷல். 1781-ல யுரேனஸைக் கண்டுபிடிச்சவர். திருவையாத்துக்கு இவ்வளவு பக்கத்துல உக்காந்துக்கிட்டு இதைச் சொல்லாம விட்டா பாவம்: அவர் தொழில்முறை சங்கீதக்காரர். தேவாலயத்துல ஆர்கன் வாசிச்சு, சிம்பொனி எழுதிப் பிழைச்சவர். அவர் இந்தச் சோதனையைச் செஞ்ச வருஷம் நம்ம தியாகராஜருக்கு வயசு 33.

எந்த நிறத்துல எவ்வளவு சூடுன்னு அளக்கிறாரு ஹெர்ஷல். ஒரு வெப்பமானி நிறத்துக்குள்ள, மத்த ரெண்டும் ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்துல. ஊதாவைவிட பச்சையில சூடு ஜாஸ்தி. பச்சையைவிட சிவப்புல ஜாஸ்தி. சரி, சிவப்புக்கும் அந்தப் பக்கம் வச்சுப் பார்ப்போம்னு, நிறமே விழாத வெறும் மேசையில வைக்கிறாரு.

சிவப்புல நின்ன வெப்பமானி: எனக்குத்தான் காய்ச்சல் அதிகம்!

சிவப்பைத் தாண்டி நின்ன வெப்பமானி: ஐயா, நான் நிழல்லதானே நிக்கிறேன், எனக்கு ஏன் இப்படி ஏறுது?

குரல்: சிவப்பைவிட அங்கதான் அதிகம் ஏறிச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒளின்னு ஒண்ணு உண்டுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்பதான்.

[காட்சி: மறுபடியும் கடை. மாஸ்டர் அடுப்புல ஈர விறகைச் சொருகறாரு. புகை மண்டுது. எல்லாரும் இருமறாங்க. வெப்பக் கேமராவுல மாஸ்டர் தெளிவா தெரியறாரு, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு ஒரு வடையை வாயில போட்டுக்கறாரு.]

குரல்: புகைத்துகள் ரொம்பப் பொடிசு. கண்ணுக்குத் தெரியற ஒளியோட அலையும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால மோதிச் சிதறிப் போயிடுது. நீளமான அகச்சிவப்பு அலை கண்டுக்காம தாண்டிப் போயிடும். தீயணைப்பு வீரர்கள் வெப்பக் கேமராவோட உள்ள போறது இதுக்காகத்தான்.

இதே சங்கதி வானத்துலயும் உண்டு. ஆடிப்பெருக்கு ராத்திரி ஒன்பது, ஒன்பதரை மணிக்குத் தெற்குப் பார்த்து நில்லுங்க. வலது பக்கம் சிவப்பா கேட்டை. இடது பக்கம் பூராடம். நடுவுல, கொஞ்சம் தாழ, தேள் கொடுக்கா வளைஞ்சு நிக்குதே, அது மூலம். மூலம்னதும் சிலபேர் ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க, அதை விடுங்க. மூலத்துக்கு மேல, பூராடத்துப் பக்கமா பாருங்க. அந்தத் திசையில 26,000 ஒளியாண்டு போனா நம்ம பால்வீதியோட நட்டநடு மையம்.

தவளை: ஒண்ணும் தெரியலையே.

குரல்: தெரியாது. நடுவுல அவ்வளவு தூசு. கண்ணுக்குத் தெரியற ஒளித்துகள் ஒரு லட்சம் கோடி அங்கிருந்து கிளம்பினா, இங்க வந்து சேர்றது சுமாரா ஒண்ணு. அதுவே 2 மைக்ரான் அகச்சிவப்புல, பத்துப் பதினஞ்சுக்கு ஒண்ணு வந்துரும். 1990-கள்ல இருந்து ஜெர்மனியில ரைன்ஹார்ட் கென்ஸெல் குழுவும் அமெரிக்காவுல ஆண்ட்ரியா கெஸ் குழுவும் இந்த ஒளியில அந்த மையத்தை விடாம படம் எடுத்தாங்க. எஸ்2-ன்னு ஒரு நட்சத்திரம், ஒண்ணுமே இல்லாத ஒரு புள்ளியை 16 வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வருது. அந்தப் புள்ளியில 40 லட்சம் சூரியனோட எடை. கருந்துளையைத் தவிர வேற எதுவும் அவ்வளவு சின்ன இடத்துல அடங்காது. ரெண்டு பேருக்கும் 2020-ல நோபல் பரிசு.

[காட்சி: கதவு தட்டற சத்தம். தவளை கோட்டு, டை, கக்கத்துல ஃபைல்.]

தவளை: வணக்கம் சார், வேலைக்கு வந்திருக்கேன். குளிர்ரத்தம். வெப்பக் கேமராவுலயே விழாத ஆளு. பேசாம என்னையே டெலஸ்கோப்பா வச்சுக்குங்க.

குரல்: வந்துருச்சு வம்பு! தம்பி, இந்த ராத்திரியில உன் உடம்பு சுமார் 27 டிகிரி. கெல்வின்ல 300. வகுத்துப் பாரு, உன் உச்சம் பத்து மைக்ரான் பக்கம். நீயும் ஜோரா எரிஞ்சுக்கிட்டுதான் இருக்க. பெஞ்சும் அதே அளவு எரியுது. அதனாலதான் நீ தெரியல.

தவளை: அப்ப நான் குளிர்ச்சி இல்லையா?

குரல்: வானத்துக்கு முன்னால நீ அடுப்பு. நீ மட்டுமில்ல. டெலஸ்கோப்போட கண்ணாடி, அதைத் தாங்கற இரும்பு, மேல இருக்கிற காத்து, பக்கத்துல நிக்கிற விஞ்ஞானி, எல்லாம் அடுப்புதான். கையில பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வயல்ல மின்மினி தேடற கதை. பத்து மைக்ரான் ஒளியில வானத்தைப் பார்த்தா பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது. எப்பவும் பட்டப்பகல். அகச்சிவப்புல வானத்தைப் பார்க்கிற துறையோட வரலாறே, பார்க்கிற கருவியை எப்படிக் குளுமையாக்கறதுங்கற வரலாறுதான்னு எனக்குத் தோணுது.

[காட்சி: ஐராஸ் விண்கலம், பெரிய ஃப்ளாஸ்க் வடிவத்துல. உள்ள திரவ ஹீலியம். மேல ஒரு மீட்டர், முள்ளு மெல்ல இறங்குது.]

குரல்: 1983 ஜனவரியில அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூணும் சேர்ந்து ஐராஸ்ங்கற அகச்சிவப்பு விண்வெளி டெலஸ்கோப்பை ஏவினாங்க. 57 செ.மீ கண்ணாடி. மைனஸ் 270 டிகிரி பக்கத்துல வைக்க திரவ ஹீலியம். அந்த ஹீலியம் மெல்ல மெல்ல ஆவியாகி நவம்பர்ல தீர்ந்துபோச்சு. கருவியில கோளாறு ஒண்ணும் இல்ல, குளிர் போச்சு, பார்வை போச்சு. அந்தப் பத்து மாசத்துல வானத்துல 96 சதவீதத்தை அலசிட்டாங்க. நாம அபிஜித்னு சொல்ற வேகா நட்சத்திரத்தைச் சுத்தி தூசு வட்டம் இருக்குன்னு சொன்னதும் அதுதான்.

அப்புறம் 2003-ல நாசாவோட ஸ்பிட்சர் விண்வெளி டெலஸ்கோப். அதுக்கு 2009 மே மாசம் ஹீலியம் தீர்ந்துச்சு. சூடு ஏறி மைனஸ் 244 டிகிரி ஆயிடுச்சு. அந்தக் கட்டத்துக்கு நாசாக்காரங்க வச்ச பேரு என்ன தெரியுமா? ‘வெதுவெதுப்பான பணி’!

தவளை: மைனஸ் 244 வெதுவெதுப்பா? இவங்க வீட்டுல டீ குடிச்சா பல்லு கொட்டிடும்.

குரல்: அந்த வெதுவெதுப்புலயும் ரெண்டு குட்டை அலைகளுக்குப் பார்வை மிச்சம் இருந்துச்சு. அதை வச்சே பதினோரு வருஷத்துக்குக் கிட்ட ஓட்டினாங்க. 40 ஒளியாண்டு தூரத்துல டிராப்பிஸ்ட்-1-ங்கற குட்டி நட்சத்திரத்துக்கு ஏழு கோள் இருக்குன்னு 2017-ல தெரிஞ்சதுல ஸ்பிட்சருக்குப் பெரும் பங்கு.

2021 டிசம்பர் 25-ல கிளம்பின ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் வேற வழி பிடிச்சுது. பூமியில இருந்து 15 லட்சம் கி.மீ தள்ளி நின்னுக்கிட்டு, முடி கனமே இருக்கிற அஞ்சு அடுக்குத் திரையை விரிச்சு வெயிலை மறைச்சுக்கிச்சு. திரைக்கு அந்தப் பக்கம் 85 டிகிரி, இந்தப் பக்கம் மைனஸ் 230-க்கும் கீழ. நீள அலையைப் பார்க்கிற ஒரு கருவிக்கு அதுவும் போதல. அதுக்குத் தனியா ஒரு குளிர்சாதனம் வச்சு மைனஸ் 266 வரைக்கும் இறக்கறாங்க. அதுலயும் ஹீலியம்தான். ஆனா ஆவியாகி வெளிய போகாது, குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும்.

மாஸ்டர்: ஏங்க, அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம கல்லணையில ஒண்ணு வச்சா காத்தோட்டமா இருக்குமே?

குரல்: காத்துதாங்க பிரச்சினை. காத்துல இருக்கிற நீராவி அகச்சிவப்பை விழுங்கிடும். சில அலைநீளங்களுக்கு மட்டும் ஜன்னல் திறந்திருக்கும், மிச்சத்துக்கு கதவடைப்பு. ஆறும் வாய்க்காலும் தண்ணி கட்டின வயலுமா இருக்கிற நம்ம ஊர்க் காத்தைப் பத்தி கேக்கவே வேணாம். அதனாலதான் லடாக்ல ஹான்லேங்கற இடத்துல, 4,500 மீட்டர் உசரத்துல, காத்து வறண்ட மலை மேல நம்ம நாட்டு 2 மீட்டர் டெலஸ்கோப் உக்காந்திருக்கு. ராஜஸ்தான்ல அபு மலை உச்சியிலயும் 1.2 மீட்டர்ல ஒண்ணு உண்டு. டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க ஹைதராபாத்துல இருந்து பலூன்லயே ஒரு மீட்டர் டெலஸ்கோப்பைக் கட்டிப் பறக்கவிட்டாங்க. சோஃபியான்னு ஒரு விமானம், போயிங் 747, பக்கவாட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு 12 கி.மீ-க்கும் மேல பறந்தபடியே வானத்தைப் பார்த்துச்சு.

தவளை: கதவைத் திறந்துக்கிட்டா?

குரல்: திறந்துக்கிட்டேதான். நீராவிக்கு பயந்து அவ்வளவு மேல போன அந்த விமானம்தான், நிலாவுல வெயில் படற பக்கத்துலயும் தண்ணி மூலக்கூறு இருக்குன்னு 2020-ல சொல்லிச்சு!

[காட்சி: கரண்ட் வருது. கடை டிவி தானா ஓடுது. தவளை கையில ரிமோட், மாஸ்டர் கையில போன்.]

குரல்: வீட்டுல நீங்களும் ஒண்ணு செஞ்சு பாருங்க. போன்ல செல்ஃபி கேமராவைத் திறந்து, டிவி ரிமோட் முனையை அதுக்கு நேரா காட்டி பட்டனை அழுத்துங்க. வெளிர் ஊதாவா ஒரு புள்ளி மினுக்கும். பின்பக்கக் கேமராவுல பல போன்கள்ல வடிகட்டி இருக்கும், தெரியாமப் போகலாம். அந்தப் புள்ளி 0.94 மைக்ரான் அகச்சிவப்பு. ரிமோட் முனையைத் தொட்டுப் பாருங்க, சூடே இருக்காது. அகச்சிவப்புன்னாலே சூடுன்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணிருப்போம், அது முழுசா சரியில்ல. சூடான பொருள் அகச்சிவப்பு விடும், ஆனா அகச்சிவப்பு விடறதெல்லாம் சூடான பொருள் இல்ல.

[காட்சி: தவளை பட்டனை அழுத்துது. சீரியல் மாறி கிரிக்கெட் வருது. கடையில இருந்த எல்லாரும் தவளையைத் திரும்பிப் பார்க்கறாங்க.]

மாஸ்டர்: டேய், இப்ப நீ நல்லாவே தெரியற. ரிமோட்டைக் கீழ வை.