ஐரிஷ் படங்கள்ல வயசான ஆம்பளைங்க ஏன் இப்படி இருக்காங்க? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' பார்த்தேன். தினமும் சேர்ந்து குடிச்ச நண்பனை ஒருத்தர் திடீர்னு வேண்டாம்னு ஒதுக்கறார், கடைசியில தன் விரலையே வெட்டிக்கிறார். அப்புறம் 'தி ஃபீல்ட்' பார்த்தேன். அதுல ஒரு பெரியவர் பிடிவாதத்தால குடும்பத்தையே அழிச்சுடறார். ஐரிஷ் படத்துல வயசான ஆம்பளைன்னாலே இப்படித்தானா? எதைப் பார்த்தா இது புரியும்?"னு கேட்டிருக்கீங்க.

இதை மனசு சம்பந்தப்பட்டதா மட்டும் எடுத்துக்கிட்டா பிடிபடாது. நிலத்துலேருந்து ஆரம்பிக்கணும். 1845-லேருந்து 1852 வரைக்கும் அயர்லாந்துல பெரும் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க, கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பல் ஏறிட்டாங்க. அதுக்கு முன்னாடி பல இடத்துல நிலத்தைப் பிள்ளைங்களுக்குப் பிரிச்சுப் பிரிச்சுக் கொடுத்தாங்க. அப்படித் துண்டு துண்டாப் போன நிலத்துல உருளைக்கிழங்கை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள்தான் அதிகமா அடிவாங்குச்சு. அதனால பஞ்சத்துக்கு அப்புறம் நிலத்தைப் பிரிக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு. முழு நிலமும் ஒரே மகனுக்கு. மத்த பிள்ளைங்க அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போகணும், இல்லைன்னா பாதிரியாராவோ கன்னியாஸ்திரியாவோ ஆகணும்.

சரி, அந்த ஒரு மகனுக்குக் கல்யாணம் எப்போ? அப்பா நிலத்தை எழுதிக் கொடுக்கிறப்போ. அப்பா எப்போ எழுதிக் கொடுப்பார்? இங்கதான் எல்லாம் இடிக்குது. ஆரென்ஸ்பெர்க், கிம்பல்னு ரெண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள் 1930-கள்ல கிளேர் மாவட்டத்துக் கிராமங்கள்ல தங்கி இதை எழுதி வச்சிருக்காங்க. 45 வயசானாலும், கல்யாணம் ஆகாம அப்பா நிலத்துல உழைக்கிறவன் ஊர்க் கணக்குல பையன்தான். சந்தையில மாட்டுக்கு விலை பேசறது அப்பா, பணம் வாங்கறதும் அப்பா. மகனுக்குப் பெண் பேசி முடிஞ்சா வக்கீல் வச்சு ஒப்பந்தம் எழுதுவாங்க. வயசானவங்களுக்கு வீட்டுல ஒரு அறை, அடுப்பு பக்கத்துல இடம், ஒரு பசுவுக்கு மேய்ச்சல், இத்தனை உருளைக்கிழங்கு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக வண்டின்னு எல்லாம் அதுல இருக்கும். அந்த மாவட்டத்துல வயசானவங்க போற அறையை மேற்கு அறைன்னே சொல்வாங்க. அந்த அறைக்குள்ள போற நாள்ல அப்பாவோட அதிகாரம் முடிஞ்சுது. அப்புறம் யாரு சீக்கிரம் கையெழுத்துப் போடுவாங்க?

ஆக, அப்பா விடமாட்டேங்கறார், அதனால மகன் முழு ஆளா ஆக முடியலை. அயர்லாந்துல எடுத்த கிராமத்துப் படங்கள் பலதுலயும் வயசான ஆணைப் பத்தின கதை இந்த முடிச்சுலேருந்துதான் வருது.

இப்போ 'தி ஃபீல்ட்' எடுத்துக்கோங்க. ஜான் பி. கீன் 1965-ல எழுதின நாடகம், 1990-ல ஜிம் ஷெரிடன் படமாக்கினார். அந்தப் பெரியவர் 'புல்' (Bull, காளைன்னு பட்டப்பேர்) மக்கேப்பா நடிச்ச ரிச்சர்ட் ஹாரிஸுக்கு அப்போ 60 வயசுகூட முழுசா ஆகலை. வெள்ளைத் தாடியும் கைத்தடியுமா 70 மாதிரி தெரிவார். ஆரம்பத்துல அப்பாவும் மகனும் கடற்பாசியைக் கூடையில அள்ளி, முதுகுல சுமந்து மேட்டுல ஏத்துவாங்க. அதை வெறும் அழகுக் காட்சின்னு கடந்து போயிடாதீங்க. மேற்குக் கடற்கரையில வெறும் பாறையா இருந்த இடத்துல கடற்பாசியைப் போட்டுப் போட்டுத்தான் மண்ணையே உண்டாக்கினாங்க. அதனாலதான், குத்தகை நிலமா இருந்தும், "இது நான் செஞ்ச நிலம்"ங்கிற மாதிரி புல் பேசறார். சட்டப்படி அது ஒரு விதவையோட சொத்து, அவங்க ஏலம் விடறாங்க. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. படத்தோட கனமே அதுதான்.

அதுல ஒரு இடத்தை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. வைக்கோல் காய்ஞ்சு கிடக்கிற நாள்ல வயல்லயே தன் அம்மா சாகறதைப் புல் சொல்வார். பாதிரியாரைக் கூட்டிட்டு வான்னு அப்பா சொல்றார். முதல்ல வைக்கோலை உள்ள சேர்ப்போம்னு அப்போ பையனா இருந்த புல் சொல்றார். அப்பா கண்ணுல பெருமைக் கண்ணீர். அந்தக் கணத்துலதான் புல் ஆம்பளையா ஆனார். ஆனா அதுக்கு விலை, சாகற அம்மாவுக்குப் பாதிரியாரைக் கூப்பிடப் போகாம இருந்தது. இப்படி வாங்கின ஆண்மையை அவரால எப்படி இறக்கி வைக்க முடியும்? அதையே மகன் டைக் தலையில ஏத்தப் பார்க்கறார். மகன் அந்த நிலம் வேண்டாம்னு சொல்லிட்டு ஒரு நாடோடிப் பொண்ணோட கிளம்பறான். கடைசியில கடலலையைத் தடியால அடிக்கிறாரே, அதை வெறும் பைத்தியம்னு எடுத்துக்காதீங்க. வாரிசு போனதுக்கு அப்புறம் அவர் அதிகாரம் செல்லுபடியாகற இடம் எதுவுமே மிச்சம் இல்லை.

இதே முடிச்சை மகன் பக்கத்துலேருந்து பார்க்கணும்னா 'பில்கிரிம் ஹில்', ஜெரார்ட் பாரெட் எடுத்தது. படுக்கையில கிடக்கிற அப்பாவைப் பார்த்துக்கிட்டு மாடு வளர்க்கிற, கல்யாணம் ஆகாத நடுவயசு விவசாயி. சண்டை, ரத்தம் ஒண்ணும் இல்லை. எனக்கு 'தி ஃபீல்ட்'டைவிட இதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருக்கு. இதுவும் முடிஞ்சு போன பழங்கதை இல்லை. 2020 விவசாயக் கணக்கெடுப்புப்படி அயர்லாந்துல பண்ணை வச்சிருக்கிறவங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு பேர் 65 வயசுக்கு மேல.

இப்போ உங்க விரல் கேள்வி. 'பான்ஷீஸ்' மார்ட்டின் மக்டோனா 2022-ல எடுத்தது, கதை நடக்கிறது 1923-ல. நண்பனை ஒதுக்கற கோல்முக்கும், ஒதுக்கப்படற பாட்ரிக்குக்கும் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. வாரிசு இல்லாத இடத்துல வயசு வேற மாதிரி உறுத்துது: "எனக்கு அப்புறம் என்ன மிஞ்சும்?" கோல்ம் இசையைப் பிடிச்சுக்கறார். நல்லவனா இருந்தவனை யாரும் நினைவுல வச்சுக்க மாட்டாங்க, மொசார்ட்டை வச்சிருக்காங்கன்னு வாதாடறார். ஆனா அவர் வெட்டறது இடது கை விரலை. அவர் வாசிக்கிற ஃபிடில்ல, அதாவது வயலின்ல, தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கிறது அந்தக் கைதான், வலது கை வில்லைத்தான் இழுக்கும். எதுக்காக நண்பனை விட்டாரோ அதையே வெட்டி எறியறார். பேச்சால முடிக்கத் தெரியாத மனுஷன், தனக்கே வலி கொடுத்துச் சொல்லவேண்டியதைச் சொல்றார். பாவமன்னிப்புக் கேக்கப் போறப்போ பாதிரியார் அவரோட விரக்தியைப் பத்தி விசாரிப்பார், அதையும் கவனிங்க. கோல்மோட பிரச்சினைக்கு நேரான பேர் அந்தப் படத்துல அங்கதான் வருது.

ஒரு எச்சரிக்கை. வெளியிலேருந்து பார்க்கிற கண்ணுல ஐரிஷ் கிழவர்னா சிரிப்புக்கான ஆள். 1952-ல ஜான் ஃபோர்டோட 'தி கொயட் மேன்'ல சாகக் கிடக்கிற பெரியவர் வெளியே அடிதடிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுவார். அதுல நடிச்சது ஃபோர்டோட சொந்த அண்ணன் ஃபிரான்சிஸ் ஃபோர்ட். ரசிச்சுப் பாருங்க, ஆனா அயர்லாந்துல முதுமை இப்படித்தான்னு எடுத்துக்காதீங்க. அது ஊரை விட்டுப் போனவங்களோட பிள்ளைங்க கண்ட கனவு.

"இப்படித்தானா"ன்னு கேட்டீங்களே, அதுக்கு என் பதில் இல்லைங்கிறதுதான். 2022-ல வந்த 'அன் கலீன் க்யூன்' பாருங்க, கோல்ம் பெய்ரேட் இயக்கினது. ஷான்னு ஒரு நடுவயசு பால்பண்ணைக்காரர். மகனைப் பறிகொடுத்தவர். வீட்டுக்கு வந்த சின்னப் பொண்ணை முதல்ல ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார். ஒருநாள் பதறிப்போய் அவகிட்ட கத்திடறார். அப்புறம் சமையலறையைக் கடந்து போறப்போ ஒரு பிஸ்கட்டை மேசையில வச்சுட்டுப் போயிடுவார். நிக்கலை, பேசலை. புல் மக்கேப்பும் பேசாத மனுஷன்தான். பொண்டாட்டிகிட்ட வருஷக்கணக்கா பேச்சு இல்லை. ஆனா புல்லோட மௌனம் எதிர்ல இருக்கிறவங்களை அடக்குது, ஷானோட மௌனம் அந்தக் குழந்தைக்கு இடம் விடுது. மகனுக்குன்னு வச்சிருந்த அன்பை, தன் நிலத்துக்கு வாரிசாகாத ஒரு பொண்ணுக்குக் கொடுக்கிறார். அப்பா-மகன்-நிலம்ங்கிற பழைய கணக்கு அங்க அறுந்துபோகுது.

பார்க்கிற வரிசை கேட்டா, முதல்ல 'தி ஃபீல்ட்', அப்புறம் 'பில்கிரிம் ஹில்', பிறகு 'பான்ஷீஸ்' ரெண்டாவது தடவை, கடைசியா இது. ஒவ்வொண்ணுலயும் சமையலறையைப் பாருங்க: அடுப்பு பக்கத்துல யார் உக்கார்றாங்க, யார் நிக்கிறாங்க, பணம் யார் கையில இருக்கு. 'அன் கலீன் க்யூன்'ல இன்னொண்ணு, சப்டைட்டில்ல தவறிப்போகும். காதைத் தீட்டி வச்சுக்கோங்க. ஷானும் அவர் மனைவியும் அந்தப் பொண்ணுகிட்ட பேசறது ஐரிஷ் மொழியில. அவளைப் பெத்த அப்பா பேசறது இங்கிலீஷ்ல.