கடைசிப் பத்தியில் கேட்கும் பணம்

நெல்லை வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பொறியியல் முடித்த பிள்ளை இருக்கும் வீடு என்றால், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை விண்ணப்பம் போய்க்கொண்டே இருக்கும். அப்படி எங்கெங்கோ கொடுத்த பெயரும் படிப்பும் செல்பேசி எண்ணும் வெளியே கசிவதுண்டு. ஆகையால் வேலை தருவதாக வரும் மோசடி மின்னஞ்சல் பெயர் சொல்லித்தான் அழைக்கும். பெரிய நிறுவனத்தின் முத்திரை, பதவி, சம்பளம், சேர வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். கடைசிப் பத்தியில், லேப்டாப்புக்கு முன்பணம் கட்டுங்கள், சேர்ந்ததும் திருப்பித் தருவோம், இன்று மாலையே கடைசி என்றிருக்கும். அந்தப் பத்திக்காகத்தான் மேலே உள்ளதெல்லாம் எழுதப்பட்டது. வேலை கொடுப்பவர் நமக்குச் சம்பளம் தருவார். நம்மிடம் வசூலிக்க மாட்டார்.

எழுத்துப் பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள் என்று முன்பு சொல்வோம். இனி அதை நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறது. தமிழில்கூட ஒற்று மிகும் இடத்தில் மிகுகிறது. நம்மில் பலருக்கு அது வராது.

பார்க்க வேண்டியது முகவரியை. மேலே தெரியும் அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரைத் தொட்டால் முகவரி விரியும். ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதைக் கடைசியிலிருந்து படியுங்கள். வருமான வரித் துறை பெயரில் வந்த மின்னஞ்சல் என்றால் ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிய வேண்டும். ‘கவ்’ நடுவில் எங்கோ கிடந்து, முடிவில் ‘டாட் காம்’ நின்றால் அது அரசு அல்ல. வங்கிகளுக்கும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற தனி முடிவு வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் இணையதளங்களை அதற்கு மாற்றும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அனுப்புநர் முகவரியையே போலியாகக் காட்டுகிறவர்களும் உண்டு. அதனால் வந்த இணைப்பைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் விசாரியுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க வழி உண்டு. ஊருக்குத் தெரிந்தால் கேவலம் என்று இரண்டு நாள் பேசாமல் இருப்பது திருடனுக்கே வசதி. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கோபத்தில் அந்த மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள். எந்தெந்த வழியாக வந்தது என்ற தடம் அதற்குள் இருக்கிறது, காவல் துறைக்கு அது வேண்டும்.