பத்தாவது ஆள்

வணக்கம். நான் கணக்கு எழுதுகிறவன். ஆடிட்டர் இல்லை. ஆடிட்டரிடம் போவதற்கு முன்னால் கடைக்காரர்களின் பில்லையும் வவுச்சரையும் தேதிவாரியாக அடுக்கி எழுதிக் கொடுக்கிற ஆள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, பாரிமுனை என்று முப்பது வருஷத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. வானொலியில் பேசக் கூப்பிட்டபோது ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். உங்கள் தொழிலில் உங்களை உறுத்துகிற விஷயம் ஏதாவது பேசுங்கள் என்றார்கள். சரி, அப்படியானால் ஒரு வவுச்சரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சின்ன அச்சகம் ஒன்று. பில் புக், ரசீதுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள். மாதம் முடிந்தால் சம்பளப் பட்டியலில் ஒன்பது பேர் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். பத்தாவதாக ஒரு தம்பி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போலியோவில் இரண்டு காலும் சூம்பியவர். பில் புக்குக்கு நம்பர் போடுவது அவர் வேலை. கை நம்பரிங் மெஷினை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு எண் விழும். வெள்ளை, மஞ்சள், ரோஸ் மூன்று தாளிலும் ஒரே எண் விழுந்த பிறகுதான் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். நடுவில் ஒன்று பிசகினால் புத்தகமே குப்பை. அவர் பேசிக்கொண்டே தட்டுவார், பிசகாது. கம்பி தையல் மெஷினிலும் உட்காருவார்.

அவர் பெயர் பட்டியலில் கிடையாது. அவர் சம்பளத்துக்கு நான் தனியாக ஒரு வவுச்சர் எழுதுவேன். 'பேக்கிங் கூலி' என்று. ஒரு மாதம் செல்வம், இன்னொரு மாதம் பாபு என்று பெயர் மாறும். கையெழுத்து மட்டும் எல்லாவற்றிலும் அவருடையதுதான்.

இதில் முதலாளியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் எழுந்துபோக முடியாது. எழுதியது என் கை. அதோடு, இதை ஆரம்பித்து வைத்தது முதலாளியும் இல்லை, நானும் இல்லை. தம்பியின் அம்மாதான். வேலைக்குச் சேர்த்துவிட வந்த அன்றைக்கே சொன்னார்: "சார், பேரெல்லாம் எழுத வேணாம். கையில குடுத்துடுங்க. கவர்மெண்டு பணம் நின்னுடும்." அப்போது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அது 2023 ஜனவரியில்தான் 1,500 ஆனது. அந்த 1,000 ரூபாயில் வாடகையில் பாதி போகிற வீடு அது.

அந்த அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊனம் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், குடும்பம் வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் இருக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். கால் சரியில்லாதவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாலேயே ஆட்டோச் செலவு குறைந்துவிடாது. சொல்லப்போனால் தினமும் வெளியே போவதால் செலவு கூடும். ஏழை என்று காட்டினால்தான் உதவி என்று வைத்துவிட்டு, சம்பளத்தை மறைக்கிறாயே என்று அவனிடம் நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை. எங்கே போய் விசாரிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. இப்போது பேசிக்கொண்டிருக்கிறேனே, இதே காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலகம். தினமும் பஸ்ஸில் தாண்டித்தான் போனேன். ஒரு நாள் இறங்கிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆனால் பட்டியல் ஒன்பதிலேயே நின்றதற்குக் காரணம் அந்த அம்மா மட்டும் இல்லை. பத்து பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு முதலாளி பணம் கட்ட வேண்டி வந்துவிடும். சின்னத் தொழில் செய்கிற எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிகிற எண்கள் இரண்டு: இ.எஸ்.ஐ.க்குப் பத்து, பி.எஃப்.புக்கு இருபது. ஒன்பதிலும் பத்தொன்பதிலும் நிற்கிற பட்டியல்கள் இந்த ஊரில் எத்தனை என்று என்னைப் போன்றவர்களைக் கேட்டால் சிரிப்போம். அம்மாவே வந்து பெயர் வேண்டாம் என்று சொன்னது முதலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

கொரோனாவுக்கு அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், தையல் மெஷின் கம்பி தம்பியின் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. முதலாளியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஊசி, மருந்து எல்லாம் அவர் செலவு. சீழ் வைத்து இருபத்தொரு நாள் வேலை இல்லை. கையில் 2,000 ரூபாய் கொடுத்து, நிதானமாக வா என்று அனுப்பினார். அச்சகம் முழுக்க மெச்சினார்கள். நானும் மெச்சினேன். நல்ல மனுஷர்தான், பொய் இல்லை. தம்பிக்காக வாசல்படியில் சிமெண்டுச் சரிவு போட்டவர் அவர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது தம்பியின் சம்பளம் 9,000. நாள் ஒன்றுக்கு 300. இ.எஸ்.ஐ.யில் இருந்து வேலையிடத்தில் காயம்பட்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் காய விஷயத்தில் கிடையாது. இருபத்தொரு நாளுக்கு 5,670 ரூபாய். கே.கே.நகரிலோ அயனாவரத்திலோ இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மருத்துவம் தனி. இ.எஸ்.ஐ. இல்லாத இடமாக இருந்தாலும் அப்போது 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் இழப்பீடு கேட்கிறவர் அங்கே வேலை பார்த்தார் என்று காட்ட வேண்டுமே. நான் எழுதிய தாளில் அங்கே வேலை பார்த்தது செல்வமும் பாபுவும்.

அந்த 2,000 ரூபாயை அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த மாதிரி ஆட்களுக்குக் கூலியில் சலுகை எடுத்துக்கொள்வது முதலாளிகள் கண்டுபிடித்ததும் இல்லை. 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 26ஆவது பிரிவைப் படித்தால் தெரியும். ஊனமுற்ற தொழிலாளரின் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு நினைத்தால் உத்தரவு போடலாம் என்று அதில் எழுதி வைத்தார்கள். பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் பழக்கத்துக்கு அவ்வளவு வயசு. பிற்பாடு காற்று மாறியது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016 சட்டத்தில் இருபத்தொன்றாயின. இ.எஸ்.ஐ.யில் மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 2008இல் மத்திய அரசு இன்னொன்றும் சொன்னது. தனியார் முதலாளி ஒரு மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைத்தால், முதல் மூன்று வருஷம் முதலாளி பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை அரசே கட்டும் என்று. இதை நான் படித்தபோது அந்தத் தம்பி வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கணக்கு எழுதுகிறவனுக்கே தெரியாத சலுகை முதலாளிக்கு எப்படித் தெரியும்?

படித்ததும் முதலாளியிடம் போனேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அவன் ஒருத்தனுக்குச் சரி, மத்த ஒன்பது பேருக்கு?" முதலாளி பங்கு இப்போது 3.25 சதவீதம். 12,000 சம்பளத்துக்கு 390 ரூபாய். ஆனால் இவர் பெயரை எழுதிய நிமிஷம் பத்து பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆளுக்குச் சராசரி 12,000 என்றால் மாதம் 3,900. அதாவது அந்த ஒன்பது பேரின் காப்பீட்டையும் தடுத்துக்கொண்டிருந்தது இவர் பெயர் எழுதப்படாததுதான். மாதா மாதம் டீ, பன் செலவு என்று நான் எழுதுகிற தொகை அதற்கு மேல் வரும். முதலாளி யோசித்தார். "அடுத்த ஏப்ரல்ல பாக்கலாம்" என்றார். கணக்குக்காரனிடம் அடுத்த ஏப்ரல் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது புதிதாகக் கணக்குக் கொடுக்க வருகிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைப் பணமாகக் கொடுங்கள், பேங்கில் போடுங்கள், எனக்குப் பரவாயில்லை. வேலை பார்க்கிறவருடைய பெயரில் எழுதிக் கொடுங்கள். வேறு பெயரில் வவுச்சர் எழுத வேறு ஆளைப் பாருங்கள். தொழிலாளியே வந்து எழுத வேண்டாம் என்று கேட்டால், அவரை உட்கார வைத்து ஓய்வூதியம் எவ்வளவு, காயம்பட்டால் எவ்வளவு என்று இரண்டையும் அவர் எதிரிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறேன். அப்படியும் ஒரு அம்மா வேண்டாம் என்று எழுந்து போனார். இரண்டு வாடிக்கையாளர்களும் போனார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்ரோல் ஸ்கூட்டர் தருகிறது, பக்கச் சக்கரம் வைத்தது. படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சுயதொழில் செய்கிறவர்கள் வாங்கலாம். அதற்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து சான்று கேட்டார்கள். ஓய்வூதியத்துக்கு இல்லாதவனாக இருக்க வேண்டும், வண்டிக்கு வேலைக்காரனாக இருக்க வேண்டும். "கணக்கு சார், மொதலாளிகிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார். கேட்டேன். அச்சகத்தின் பெயர் போட்ட தாளில் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதுவே சாட்சி ஆகிவிடாதா என்று முதலாளி தயங்கினார். முதலாளி கேட்டது சட்டப்படி சரிதான், அது சாட்சிதான்.

கடைசியில் சுயதொழில் என்று விண்ணப்பிப்பதாக முடிவாயிற்று. பதினோரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். படிவத்தை நிரப்பியதும் நான்தான், அதே பேனா. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் எழுதிவிட்டு, தொழில் என்கிற கட்டத்தில் வந்து நின்றேன்.

"என்ன தம்பி எழுதட்டும்?" என்றேன்.

அவர் நம்பரிங் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "பேக்கிங்னு எழுதுங்க சார்."