மூன்றாம் படியில் ஒரு வட்டவிதானை

(மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரை)

பிள்ளைகளே, கலம் குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பின் 10 படிகளையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அதனால் நான் சொல்லப் போவதில்லை. மூன்றாம் படிதான் எனக்கு வேண்டும்.

முதலில் கணக்கு. 6 காபன் கொண்ட குளுக்கோசு, குழியவுருவில் 3 காபன் கொண்ட இரண்டு பைருவேற்றுகளாக உடைகிறது. தேறிய இலாபம், கலத்தின் சக்திக் காசான ஏ.ரி.பியில் 2. ஒட்சிசன் இருந்தால் பைருவேற்று, கலத்தின் எரிப்பறையான இழைமணிக்குள் போய் முழுதாக எரியும். மொத்த வரவு 30 அல்லது 32. பழைய நூல்களில் 38 என்று இருக்கும். இழைமணிச் சவ்வைத் தாண்டிப் பொருள்களைக் கடத்தும் செலவை அவை கழிக்கவில்லை.

ஒட்சிசன் போதாவிட்டால்? எருமைத் தயிர்ச் சட்டிக்குள் பற்றீரியா செய்வதைத்தான் 400 மீற்றர் ஓடுபவரின் தொடைத் தசையும் செய்கிறது: பைருவேற்றை இலற்றேற்றாக மாற்றுகிறது. இதில் ஒரு ஏ.ரி.பி கூடக் கிடைக்காது. பிறகு ஏன் மினக்கெட வேண்டும்? குளுக்கோசு உடையும்போது ஐதரசனை வாங்கிக்கொள்ள என்.ஏ.டி என்ற காவி மூலக்கூறு வேண்டும், கலத்தில் அது கொஞ்சம்தான். வாங்கிய ஐதரசனைப் பைருவேற்றின் தலையில் கட்டிவிட்டால் என்.ஏ.டி மீளும், உடைப்பும் நிற்காது. இலற்றேற்றை வெறும் கழிவு என்று எழுதிவிடாதீர்கள். ஈரல் அதை மறுபடி குளுக்கோசாக்கும். இதயம் அதையே எடுத்து எரிக்கும்.

சரி, மூன்றாம் படி. இங்கே நிற்பது பொஸ்போபிரற்றோகைனேசு என்ற நொதியம். வயல்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையைத் தெரியும். உன்னிச்சைக் குளம் நிரம்பிக் கிடந்தாலும் வயலின் தேவையைப் பார்த்துத்தான் அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவார். இந்த நொதியமும் அப்படித்தான். வேலை செய்ய அதற்கு ஏ.ரி.பி வேண்டும். ஆனால் அதே ஏ.ரி.பி மிஞ்சினால், நொதியத்தில் வேறோர் இடத்தில் போய் ஒட்டி அதை முடக்கிவிடும்! ஏ.ரி.பி செலவாகும்போது உண்டாகும் ஏ.எம்.பி பெருகினால் முடக்கம் தளரும். இழைமணியில் எரிப்பின் நடுவே உண்டாகும் சித்திரேற்று வெளியே வந்தாலும் வேகம் குறையும்.

ஏன் முதற்படியிலேயே பெரிய பூட்டைப் போடவில்லை? அங்கே உண்டாகும் குளுக்கோசு-6-பொஸ்பேற்றுக்கு வேறு போக்கிடம் உண்டு, கிளைக்கோசனாகச் சேமிக்கப்படலாம். மூன்றாம் படியைத் தாண்டினால் உடைந்தே தீரவேண்டியதுதான்.

ஈரலில் இன்சுலின் என்ற ஓமோன் இந்தப் படியை முடுக்கும். பசி நேரத்தில் குளுக்ககன் என்ற ஓமோன் அடக்கும். அப்போது ஈரல் தான் உடைப்பதைக் குறைத்து, குளுக்கோசை மூளைக்கும் செங்குழியங்களுக்கும் அனுப்பும். செங்குழியத்துக்கு இழைமணியே கிடையாது. ஒரு குளுக்கோசுக்கு அந்த 2 ஏ.ரி.பிதான் அதன் முழு வருமானம்.

இனி நீங்கள் கேளுங்கள்.