காதில் கருவி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்

(காட்சி: அஞ்செட்டிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணை. பாட்டியின் கையில் ரத்த அழுத்தப் பட்டை.)

காற்றை மெதுவாக இறக்குகிறேன். முள் 150-ஐத் தாண்டி வருகிறது. முதல் 'டப்' என் காதில் விழுந்தது 134-இல். அதே கையில் டிஜிட்டல் கருவி காட்டியது 152. "பரவாயில்லையா கண்ணு?" என்று பாட்டி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் செவிலியர். இரண்டு காதிலும் கேட்கும் கருவி அணிபவள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடிப் போகிற நாங்கள் தவறான எண்ணை எழுதிவிட்டு வரக் கூடாது. மெல்லிய முதல் ஒலி தப்பினால் மேல் அழுத்தம் குறைவாகப் பதிவாகும். மெல்லிய கடைசி ஒலி தப்பினால் கீழ் அழுத்தம் கூடுதலாகப் பதிவாகும்.

(காட்சி: உள்ளங்கையில் கேட்கும் கருவி.)

இது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இதய ஒலியோ பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அந்த அடித்தொனியைப் பல கருவிகள் போதுமான அளவு பெருக்குவதில்லை. பஸ் நிலையத்து இரைச்சலை அடக்குகிற அதே வசதி, இதயத்தின் முனகலையும் (லப்-டப்புக்கு இடையே கேட்கும் கூடுதல் ஒலி) இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடலாம்.

(காட்சி: ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம். விரல் இடது ஓரத்தில்.)

எனவே புது ஸ்டெதாஸ்கோப் வாங்கக் கடைக்கு ஓடும் முன் உங்கள் ஆடியோகிராமை எடுங்கள். இடது பக்கம்தான் அடித்தொனி. 250, 500 ஹெர்ட்ஸில் கோடு 20 டெசிபலுக்குள் நின்றால், கருவியைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்டெதாஸ்கோப்பிலேயே இதயத்தைக் கேட்க வாய்ப்பு அதிகம். வயதால் கேட்கும் திறன் குறைந்தவர்கள் பலருக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் நுரையீரலின் மெல்லிய நொறுங்கல் ஒலி உயர்தொனி. அதற்கு இந்த வழியை நம்பிவிடாதீர்கள்.

என் கோடு இடது பக்கமே இறங்கிவிட்டது. ஆகவே ஒலியைப் பெருக்கித் தரும் மின்னணு ஸ்டெதாஸ்கோப். அதனுடன் காதை மூடுகிற பெரிய ஹெட்போன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: காதின் பின்னால் மாட்டும் கருவியில் மைக் காதுமடலின் மேல்புறம் இருக்கும். ஹெட்போனைச் சற்று மேலே ஏற்றி, மைக்கை மூடும்படி வைக்க வேண்டும். 'கீ' என்று விசில் வந்தால் அரை அங்குலம் நகர்த்திப் பாருங்கள்.

புளூடூத் வழியாக நேரே கருவிக்கு ஒலியை அனுப்பலாம். ஆனால் காதுக்குள் போகும் ரப்பர் முனை துளையுள்ளதாக இருந்தால் அடித்தொனி வெளியே கசிந்துவிடும். மூடிய முனையோ, காதின் அளவெடுத்துச் செய்த அச்சோ வேண்டும். செயலியோடு இணையும் ஸ்டெதாஸ்கோப் என்றால் இதய ஒலியின் அலையைக் கைபேசித் திரையில் பார்க்கவும் செய்யலாம். காதின் சந்தேகத்தைக் கண் தீர்த்துவைக்கும்.

(காட்சி: கேள்திறன் நிபுணரின் அறை.)

ஸ்டெதாஸ்கோப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். அதற்கென்று தனியாக ஒரு புரோகிராம் கேளுங்கள்: இரைச்சல் குறைப்பு அணைந்திருக்க வேண்டும், அடித்தொனி கூட வேண்டும். அங்கேயே உங்கள் நெஞ்சில் வைத்துக் கேளுங்கள். 'லப்' வேறு, 'டப்' வேறு என்று பிரிந்து கேட்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.