புயல் கரையைக் கடந்த பிறகு

நண்பர்களே, வணக்கம். வானொலிச் செய்தியில் உள்ளூருக்கு எவ்வளவு இடம், நாட்டுக்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ‘வலுவிழந்தது’ என்ற சொல் வந்துவிட்டால் போதும், வானொலியில் புயல் செய்தி மூன்றாவது இடத்துக்கு இறங்கும், அப்புறம் ஐந்தாவது இடத்துக்கு. ஆனால் நம் சேர்வராயன் மலைக்கு அந்தப் புயல் வந்ததே அதற்குப் பிறகுதான். ஏற்காட்டில் விடாத மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

வாழவந்திப் பக்கம் என் மாமா வீட்டில் கரண்ட் போய், செல்போனும் அணைந்துவிட்டது. காப்பிப் பழம் பறிக்கிற பருவம். மாமா பழைய டிரான்சிஸ்டரை எடுத்தார். பேட்டரி மூடி நிற்காது என்பதால் இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஏரியலை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சேலம் பாதை திறந்திருக்கிறதா, இல்லை குப்பனூர் வழியாக இறங்க வேண்டுமா? டெல்லிச் செய்தி வந்தது, வெளிநாட்டுச் செய்தி வந்தது, விளையாட்டும் வந்தது. பாதை வரவில்லை.

மாமாவுக்கு டெல்லிச் செய்தி மேல் கோபம் கிடையாது. ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்ற குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. எங்கள் வீட்டில் அந்தக் குரலுக்குத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைப்போம். நாட்டில் நடப்பது மலைக்காரனுக்கும் தெரிய வேண்டும். அதைக் குறைக்கச் சொல்லி நான் இங்கே பேச வரவில்லை.

உள்ளூருக்கு இத்தனை நிமிடம், நாட்டுக்கு இத்தனை நிமிடம் என்று பாகம் பிரிப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் கட்டி முடித்த அணை, நம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. 120 அடி நிரம்பினால் தமிழ்நாடே பேசும். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று வாசிக்கிறார்களே, அது உள்ளூர்ச் செய்தியா, நாட்டுச் செய்தியா? கர்நாடகத்தில் பெய்த மழையும் உச்ச நீதிமன்றத்தின் 2018 காவிரித் தீர்ப்பும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன. தஞ்சாவூர்க்காரர் அதைக் கேட்டுக் குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசிக்கிறார். பூலாம்பட்டிக்காரருக்கு வேறு கவலை: வெளியேற்றம் கூடினால் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு ஓடாது. ‘பூலாம்பட்டி படகு நிறுத்தம்’ என்று சேர்த்துச் சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடியைத்தான் நான் கேட்கிறேன்.

ஜவ்வரிசியும் அப்படித்தான். நாம் இங்கே அரைத்துக் காய வைப்பதை விரத நாட்களில் சாப்பிடுகிறவர்கள் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார்கள். அங்கே நவராத்திரி என்றால் ஆத்தூரில் மரவள்ளி போட்டவருக்கு அது விலைச் செய்தி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தனியார் எஃப்எம் நிலையங்களும் சமுதாய வானொலிகளும் இந்த நாட்டில் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. ஆகாசவாணி செய்தியைத்தான் எடுத்து ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை சொல்ல அவற்றுக்கு அனுமதி உண்டு, சரி. ஆனால் ரேடியோவில் செய்தி என்று ஒன்று வந்தால் அது பொது ஒலிபரப்பிலிருந்துதான் வர வேண்டும். அங்கே விட்டுப்போனால் ரேடியோவில் வேறெங்கும் அது வராது.

உள்ளூர்ச் செய்தியைக் கூட்டுங்கள் என்றால் விழாக்களைக் கூட்டிவிடுகிற பழக்கம் ஒன்று உண்டு. யார் தொடங்கி வைத்தார், யார் முன்னிலை வகித்தார் என்று பெயர்களை வாசித்தே இரண்டு நிமிடம் போய்விடும். அதை நான் உள்ளூர்ச் செய்தியாகவே எண்ணவில்லை.

நான் கேட்பது இதுதான். ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் முன், விடியற்காலையில், பாதையும் தண்ணீரும் சந்தையும் முதலில் வரட்டும். நாடாளுமன்றம் ஒரு மணி நேரம் கழித்து விரிவாக வரட்டும். மழை நாட்களில் இந்த வரிசையைக் கலைக்கும் உரிமை பணியில் இருக்கும் செய்தி ஆசிரியருக்கு வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருந்தால் போதாது; மலை மேலேயே குடியிருக்கும் ஒருவர் வேண்டும்.

மாமாவுக்கு இரண்டாம் நாள் மத்தியானம்தான் பாதை நிலவரம் தெரிந்தது. கீழிருந்து நடந்தே ஏறி வந்த பால்காரர் சொன்னார்.